கண்ணகி உண்டாளா?

பூம்புகாரை விட்டுக் காவிரிக் கரைவழியே கவுந்தியடிகளுடன் நடந்து மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும், ஆயர் சேரியில் மாதரியின் பொறுப்பில் தங்கிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் வரும் ஒரு சிறு செய்தியை மட்டும் பலர் ஊன்றிக் கவனிப்பதில்லை. கோவலன் சாவக நோன்பியாதலின் பகற்பொழுதிலேயே உண்ணுதல் வேண்டும். ஆகவே அடிசில் ஆக்குதற்கு வேண்டிய நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுங்கள் என்று மாதரி தன் வீட்டாரை ஏவுகிறாள். பலாக்காயும், வெள்ளரிக்காயும், மாதுளையும், மாங்கனியும், வாழைக்கனியும், சாலி அரிசியும், ஆவின் பயனும் வந்து சேருகின்றன. அப்பட்டியலில் ஒரு கிழங்கும் இல்லை. கண்ணகி தன் மெல்விரல்கள் சிவக்கச் சமைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு முடித்தபின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். சற்று நேரத்தில் அவன் சிலம்பை விற்கப் புறப்பட்டு விடுகிறான்.

கண்ணகி உண்டாளா? காப்பியம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இளங்கோவடிகளைக் குறை கூறும் நோக்கம் நமக்கில்லை. கதையின் வேகம் அங்கே வேறு திசையில் செல்கிறது. ஆயினும் இல்லறத்தாரின் பகலுணவைப்பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்றாகிய இவ்விடத்தில், சமைத்தவளின் உணவு கணக்கில் வராமற் போனது நம் சிந்தனைக்கு உரியது. கரந்தை ஆதிநாதர், மன்னார்குடி மல்லிநாதர், கும்பகோணம் சந்திரப்பிரபர் ஆலயங்களைச் சூழ்ந்தும், தீபங்குடி போன்ற ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இன்றும் அந்தக் கணக்கு விடுபட்டே வருகிறது.

இரவுண்ணாமை நோன்பின்படி, சூரியன் மறைவதற்கு 2 நாழிகைக்கு முன்பே, அதாவது 48 நிமிடங்களுக்கு முன்பே உணவை முடித்துக்கொள்வது சிறப்பு. தஞ்சைப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் மாலை 6.40 மணியளவு வரை நிற்கிறது. கார்த்திகையிலோ 5.50 மணியளவிலேயே மறைந்து விடுகிறது. எனவே கார்த்திகையில் 5 மணிக்கெல்லாம் இலையிலிருந்து எழுந்துவிட வேண்டும். அப்போதுதான் தாளடி வயலில் வேலை முடியாமல் கணவர் சேற்றில் நிற்பார். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவர். மாமனார் மாமியாருக்கு முதலில் பரிமாற வேண்டும், பிறகு பிள்ளைகளுக்கு, கணவர் வந்ததும் அவருக்கு. எல்லோரும் உண்டு எழும்போது வெளிச்சம் போயிருக்கும். இல்லத்தரசி பானையை மூடி வைத்துவிட்டுத் தண்ணீரும் அருந்தாமல் இருந்து விடுவார். மறுநாள் காலையில் ஆலயம், பூஜை, சமையல் எல்லாம் முடிந்து அவர் இலை போடும்போது மணி பத்தாகியிருக்கும். வாரத்தில் மூன்று நாட்களேனும் இவ்வாறு நிகழும் வீடுகளை நாம் அறிவோம். ஆசிரியைகளாகவும் வங்கி ஊழியர்களாகவும் பணியாற்றி, மாலை 6 மணிக்குப் பேருந்தில் வந்து இறங்கும் நம் பெண்களின் நிலை இதனினும் கடினமானது.

இதைக் கேட்டால் பலரும் “விரதந்தானே, நல்லதுதான்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். சங்கற்பம் செய்து ஏற்பது விரதம். பரிமாறும் வரிசையில் கடைசியில் நின்றதனால் நேர்ந்த பட்டினியை விரதக் கணக்கில் எழுதிக்கொள்ள முறையில்லை.

இப்பட்டினி எங்கே போய் முடிகிறது என்பதற்கு அரசின் தேசியக் குடும்பநல ஆய்வே சான்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆடவருள் நூற்றுக்கு 25 பேருக்கே இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்களின் அளவு 53.4 விழுக்காடு. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய நோயன்று; மீனும் இறைச்சியும் உண்ணும் வீடுகளிலும் உண்டு. ஆகவே புலால் மறுத்ததனால் வந்த கேடு என்று எவரேனும் சொன்னால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை. அதே வேளையில், நமக்கு அது வராது என்று இறுமாந்திருக்கவும் இயலாது.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. கருவுற்றவர்களுக்கு 11 கிராம் என்பது எல்லை. படியேறினால் மூச்சு வாங்குதல், காரணமில்லாத எரிச்சல், தலைசுற்றல், கீழிமையின் உட்புறம் வெளுத்திருத்தல், நகம் குழிந்து எளிதில் ஒடிதல், தலைமுடி கொட்டுதல் ஆகியன அதன் அடையாளங்கள். சிலருக்கு அரிசியை வாயிலிட்டு மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். நெற்சீமையில் இதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை! முகம் வெளுத்ததை நிறம் ஏறியது என்று மகிழும் இளம்பெண்களையும், பொலிவு குறைந்தது என்று விலையுயர்ந்த களிம்புகளை வாங்கிப் பூசுவோரையும் காண்கிறோம். அக்களிம்பின் விலையில் இரண்டு மாதத்துக்கு எள்ளும் பயறும் வாங்கலாம்.

நம் உணவின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட அளவின்படி நாள்தோறும் ஆணுக்கு 19 மில்லிகிராமும், மாதவிலக்குடைய பருவத்துப் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் இரும்புச்சத்து உணவில் வேண்டும். ஒரு மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு அதனுடன் போகிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் அதுவே. தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக உண்டாலும் 4 மில்லிகிராம் தேறாது. எஞ்சியதெல்லாம் பருப்பிலும், கீரையிலும், காயிலும், எள்ளிலுமே வர வேண்டும். கடைசியில் உண்பவருக்கு மிஞ்சுவது எது? சோறு மிஞ்சும், ரசம் மிஞ்சும், கூட்டும் பொரியலும் மிஞ்சுவதில்லை. மிகுதியாக வேண்டியவருக்கே மிகக் குறைவாகக் கிடைக்கும்படி நம் பரிமாறும் வரிசை அமைந்திருக்கிறது.

இவ்விடத்தில் புழுங்கலரிசியைப் பற்றி ஒரு சொல். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிப்பதால் தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. சாவகத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டதிலிருந்து பெரிபெரி நோயின் காரணம் விளங்கத் தொடங்கியது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிர்களைத் துன்புறுத்தும் சோதனைகள் நமக்கு உடன்பாடல்ல. எனினும் அறிந்த உண்மையை அறியாதது போல் இருப்பதும் பொருந்தாது. நம் பாட்டிமார் நெல் அவித்து முற்றத்தில் உலர்த்தியது இவ்வகையில் பெரும் நன்மை செய்தது. ஆனால் புழுங்கலரிசி உண்டால் இரத்தம் ஊறும் என்று சிலர் சொல்வது சரியன்று. இரும்பைப் பொறுத்தவரை பச்சரிசிக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. செறிவூட்டிய அரிசித் திட்டம் 2021 இல் அறிவிக்கப்பட்டபின் நியாயவிலைக் கடை அரிசியில் இரும்பும், ஃபோலிக் அமிலமும், பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து வழங்கப்பட்டன. அவை நீரில் மிதப்பதைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அவை அரிசிமாவினால் செய்யப்பட்டவை.

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு நம் நாட்டுப் பெண்களோடு தொடர்புடையது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928 இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழில் செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஏற்பட்ட கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்கள் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டு, நொதிச்சத்தால் செய்த மலிவான மார்மைட்டைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். 1931 இல் அவர் அதை வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குப்பின் அப்பொருள் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்றது. ஆக, கர்ப்பிணியின் இரத்தத்துக்கு இரும்போடு இலையும் வேண்டும்.

கீரை என்றவுடன் நமக்கு ஒரு தயக்கம் எழும். சாதுர்மாசிய மழைக்காலத்தில் கீரைகளில் நுண்ணுயிர்கள் மலிந்திருத்தலால் பலர் அவற்றை விலக்குகின்றனர். அது நல்ல வழக்கமே. முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்ப்பதும் அக்காலத்தில்தான். விலக்க வேண்டிய மாதங்களில் விலக்குவோம். ஆனால் தை முதல் வைகாசி வரை உண்ண வேண்டிய அளவு உண்கிறோமா என்பதே கேள்வி. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவற்றை வெளிச்சத்தில் இலை இலையாகப் பார்த்து ஆய்ந்து வாரம் மூன்று முறையேனும் சமைக்கலாம். மழைக்காலத்துக்குப் பயறு வகைகளும் எள்ளும் உள்ளன. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து, நெல் அறுத்தபின் அவற்றை விளைவித்துக் கொள்வது நம் சீமையின் பழைய முறை. களத்துக்கு வரும் அப்பயற்றில் பெரும்பகுதி வியாபாரிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கென ஒரு மூட்டையை ஒதுக்கி வைப்பது கடினமா? கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் இரும்பு உண்டு. சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. நெல் விளையும் ஊரில் கேழ்வரகுக் கூழா என்று முகஞ்சுளிக்கும் பெருமை நம்மிடம் சற்று அதிகம்.

மருத்துவர்கள் பயற்றை முளைகட்டி உண்ணச் சொல்வார்கள். முளைவிட்டவற்றை நாம் உண்பதில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. ஊறவைத்து வேகவைத்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்டால் போதும். தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. புளிப்பிலுள்ள வைட்டமின் சி உடனிருந்தால் சேரும். நம் அயலாராகிய வைணவர் வீடுகளில் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் ஒன்றாகச் சமைக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். நம் பாரணை இலையிலும் அவ்விரண்டையும் வைக்கத் தடையேதும் இல்லை. வற்றல் குழம்பைப் பழைய இரும்புச் சட்டியிலேயே காய்ச்சினால், புளிப்பு இரும்பைச் சிறிது கரைத்து உணவில் சேர்க்கிறது. ஒட்டாத பாத்திரங்கள் வந்ததும் இரும்புச் சட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம்.

காப்பியைப் பற்றிச் சொன்னால் கும்பகோணத்தார் கோபித்துக் கொள்வர். ஆயினும் சொல்லியாக வேண்டும். உணவோடோ, உண்ட ஒரு மணி நேரத்துக்குள்ளோ காப்பியும் தேநீரும் பருகினால், உணவிலுள்ள இரும்பு உடலிற் சேருவது கணிசமாகக் குறைந்துவிடுகிறது. பகலுணவு முடிந்ததும் இருட்டுவதற்குள் ஒரு வாய் காப்பி என்று அவசரமாகப் பருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றிக்கொண்டால் போதும், விட வேண்டுவதில்லை.

வயலில் வெறுங்காலோடு நடப்போருக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதற்கு மருந்துண்பது ஹிம்சையன்றோ என்று கேட்ட சகோதரிகள் உண்டு. இல்லறத்தார் முற்ற விலக்க வேண்டியது, கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப ஹிம்சையே. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை என வேறு வகையில் வைக்கப்பட்டுள்ளது. எனினும் வயலிலும் கொல்லையிலும் செருப்பணிந்து நடந்தால் அக்கேள்வி பெரும்பாலும் எழாது.

இனிச் சற்று நுட்பமான செய்திக்கு வருவோம். புறத்தவங்கள் ஆறனுள் ஒன்று ரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றுள் சிலவற்றைத் துறத்தல். வயது முதிர்ந்த நம் அன்னையர் பலர் பாலையும் தயிரையும் ஆயுட்காலத்துக்கும் விட்டுவிடுகின்றனர். மன்னார்குடிப் பக்கத்தில் நாம் அறிந்த அம்மையார் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தபின் அவ்வாறு விட்டார். சில ஆண்டுகளில் பாதங்கள் மரத்துப் போயின. செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார். நடை தள்ளாடியது. ஸ்தோத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லி வந்தவர் பாதியில் மறந்து நிற்பார். முதுமை என்று வீட்டார் விட்டுவிட்டனர். பின்னர் சோதித்ததில் பி12 வைட்டமின் மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. இவ்வைட்டமின் காய்களிலும் தானியங்களிலும் இல்லை. புலால் உண்ணாதவருக்குப் பாலும் தயிருமே வழி. உடலில் சேர்த்து வைத்திருப்பது சில ஆண்டுகளுக்கு ஈடுகொடுக்கும். அதனால்தான் குறை வெளிப்படக் காலம் பிடிக்கிறது. நரம்பு நெடுநாள் கெட்டபின் முழுதும் திரும்புவது அரிது.

அவ்வம்மையார் அஞ்சியது நோய்க்கு அன்று, விரதபங்கத்துக்கு. பால் குடித்தே ஆக வேண்டுமா என்று அழுதார். வேண்டியதில்லை என்பதே விடை. மருந்தாகக் கிடைக்கும் பி12 வைட்டமின், நுண்ணுயிர்களை நொதிக்கச் செய்து பெறப்படுவது; விலங்குகளிலிருந்து எடுப்பதன்று. முதலில் ஊசியாகவும், பிறகு பகற்பொழுதில் மாத்திரையாகவும் எடுத்துக்கொண்டு அவர் தம் நியமத்தைக் காத்துக்கொண்டார். நினைவு தெளிந்தது, நடை ஓரளவு சீரானது, பாதத்தின் மரப்பு சிறிது எஞ்சியே இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். குப்பி வடிவ மருந்துகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. உறையில்லாத மாத்திரையைத் தரும்படி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். இரும்பு மாத்திரைக்கும் இது பொருந்தும்.

கருவுற்ற பெண்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் 180 நாட்களுக்குத் தருவது அரசுத் திட்டம். மலம் கறுக்கும், சிலருக்கு மலச்சிக்கல் வரும் என்பதால் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். எலுமிச்சை நீரோடு உட்கொள்ளலாம், காப்பியோடு கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹீமோகுளோபின் சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

அட்டமி, சதுர்த்தசி, நந்தீஸ்வர விரதம், தசலட்சண பர்வத்தின் பத்து நாட்கள் என நம் பெண்கள் ஏற்கும் நோன்புகள் பல. தீர்த்தங்கரத்துவத்துக்கு ஏதுவான பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவம் என்பதும் ஒன்று என்பதை இங்கே நினைவு கொள்ளுதல் வேண்டும். ஆற்றலை மறைத்துச் சோம்புவதும், இல்லாத ஆற்றலை உண்டென்று காட்டுவதும் அதில் அடங்கா. கருவுற்றவரும், பாலூட்டுபவரும், ஹீமோகுளோபின் குறைந்தவரும் உபவாசத்துக்குப் பதிலாக ஒருபொழுது உண்டோ, ஒரு சுவையை விட்டோ, ஸ்வாத்தியாயத்தை மிகுத்தோ பர்வத்தைக் கொண்டாடலாம். நீரிழிவுக்கு மருந்துண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் ஏற்றால் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயங்கி விழ நேரும். அயல்வீட்டு அம்மாள் பத்து நாள் இருந்தாள், நாமும் இருப்போம் என்ற போட்டி மனத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கண்டிருக்கிறோம்.

பகலுணவு செரிமானத்துக்கும் உறக்கத்துக்கும் நன்று என்று இப்போது பலரும் எழுதுகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் நாம் அதை மேற்கொண்டது ஜீவதயையின் பொருட்டு. அந்தத் தயை அடுப்படியில் நிற்பவரையும் எட்ட வேண்டும். இது செயற்கு அரியதன்று. மாலைச் சமையலை 4 மணிக்கு முடித்து, வீட்டிலிருப்போர் அனைவரும், சமைத்தவரும் உட்பட, ஒரே பந்தியில் அமரலாம். நேரங்கழித்து வருபவருக்கு வேண்டியதை முன்பே எடுத்து வைக்கலாம். கூட்டையும் பொரியலையும் தொடக்கத்திலேயே எண்ணிப் பங்கிட்டுவிட்டால் கடைசி இலைக்கும் அவை வந்து சேரும்.

கும்பகோணத்தில் நாம் அறிந்த இல்லம் ஒன்றில் மருமகள் அலுவலகம் செல்பவர். வீடு திரும்ப 6.30 மணியாகும். முதலிரண்டு ஆண்டுகள் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாலையுணவு இன்றியே கழிந்தது. ஒருநாள் ஆலயப் படியில் அவர் மயங்கிச் சாய்ந்தபின், மாமியாரே நாள்தோறும் மதிய உணவோடு மாலைக்கென்று இரண்டாவது பெட்டி ஒன்றும் கட்டித் தருகிறார். முருங்கைக்கீரை அடையோ, எள்ளுச் சாதமும் பயற்றுச் சுண்டலுமோ அதில் இருக்கும். ஓர் எலுமிச்சைத் துண்டு தவறாமல் இருக்கும். மணி ஐந்தாவதற்குச் சற்று முன்பு அவர் தம் இருக்கையிலேயே உண்டு முடித்து விடுகிறார். முதலில் வியப்போடு பார்த்த உடன்பணியாளர்கள், வேலை மிகுந்த நாட்களில் இப்போது அவர்களாகவே “அம்மா, வெளிச்சம் குறைகிறது, பெட்டியைத் திறக்கவில்லையா?” என்று கேட்கிறார்களாம்.